கணக்கில் எழுதப்படாத கோப்பை

உடல் எடையைக் குறைக்க முடிவெடுத்த ஒருவர் கடலூரிலோ சிதம்பரத்திலோ மருத்துவரைப் பார்க்கப் போனால், காலையில் எத்தனை இட்லி, மதியம் எவ்வளவு சோறு, மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் என்றெல்லாம் விசாரணை நடக்கும். குடிப்பழக்கம் என்ற இடம் வரும்போது "உண்டா?" என்று ஒரு கேள்வி, "எப்போதாவது" என்று ஒரு பதில். அத்தோடு பேச்சு அடுத்ததற்குப் போய்விடும். அந்த 'எப்போதாவது' எத்தனை மில்லி, எந்த நேரத்தில், எதைத் தின்றுகொண்டு என்பது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. கேட்பவருக்கும் கூச்சம், சொல்பவருக்கும் கூச்சம். நம் பக்கத்தில் எடைக்குறைப்பு முயற்சிகள் பாதியில் நின்றுபோவதற்கு இந்தக் கூச்சமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பிராந்தியும் பீரும் உடம்பைக் கெடுக்கும் என்பதைக் குடிப்பவரே ஒப்புக்கொள்வார். ஒயினுக்கு மட்டும் தனி மரியாதை. திராட்சையில் செய்தது, இதயத்துக்கு நல்லது, வெளிநாட்டில் டயட்டில் இருப்பவர்களே ஒரு கோப்பை எடுத்துக்கொள்கிறார்கள் என்று பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை முழுப் பொய்யும் அல்ல. ஒயின் குடித்துக்கொண்டே எடை குறைந்தவர்களைப் பற்றிய ஆய்வுகள் உண்மையில் இருக்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகளில் இருந்த ஒயின் வேறு, பெண்ணையாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் நாம் குடிக்கும் ஒயின் வேறு. திரவம் ஒன்றாக இருக்கலாம். குடிக்கும் முறை, நேரம், கூட வரும் தீனி எல்லாமே வேறு. அந்த வேறுபாட்டைப் பார்க்காமல் ஆய்வின் முடிவை மட்டும் எடுத்துக்கொள்வதில்தான் ஏமாற்றம் பிறக்கிறது.

ஒரு கிராமுக்கு ஏழு கலோரி

மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும், கொழுப்பு 9 தரும். சாராயச் சத்தான எத்தனால் 7 தரும். 12.5 சதவீத வீரியமுள்ள, இனிப்பில்லாத சிவப்பு ஒயின் 150 மில்லியில் ஏறக்குறைய 15 கிராம் எத்தனால் இருக்கிறது. அதிலுள்ள மிச்சச் சர்க்கரையையும் சேர்த்தால் 120 முதல் 125 கலோரி. 750 மில்லி பாட்டில் முழுவதும் 600-ஐத் தாண்டும். நம் ஊர் பிராந்தியின் வழக்கமான வீரியம் 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டரான 180 மில்லியில் 60 கிராமுக்கு மேல் எத்தனால், அதாவது 425 கலோரி அளவு. ஒரு கோப்பை ஒயினோடு ஒப்பிட்டால் இது மூன்று மடங்குக்கு மேல். ஒயின் 'லேசானது' என்ற பெயர் இந்தக் கணக்கிலிருந்து வந்தது. அந்த அளவில் அது சரிதான்.

ஆனால் உடம்பு எத்தனாலை மற்ற உணவைப் போல நடத்துவதில்லை. அதைச் சேமித்து வைக்க உடம்பில் இடமில்லை. அது இரத்தத்தில் இருக்கும்வரை ஆபத்து. அதனால் கல்லீரல் மற்ற வேலைகளை ஒத்திவைத்துவிட்டு இதை எரிக்க முனைகிறது. 1992-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு, மது சேர்ந்த நாள்களில் உடம்பு எரிக்கும் கொழுப்பு 24 மணி நேரக் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவதைக் காட்டியது. 1999-இல் அமெரிக்காவில் ஆண்களுக்கு 24 கிராம் எத்தனால் கொடுத்து அளந்தார்கள். ஒன்றரைக் கோப்பைக்குச் சற்று மேலான ஒயினுக்கு இது சமம். அடுத்த சில மணி நேரத்தில் கொழுப்பு எரிவது 73 சதவீதம் சரிந்தது. குடித்த எத்தனாலில் கொழுப்பாக மாறியதோ 5 சதவீதத்துக்கும் குறைவு.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மது நேரடியாகத் தொப்பையாவதில்லை. அது உள்ளே இருக்கும் நேரத்தில், கூடச் சாப்பிட்ட எண்ணெயும் நெய்யும் எரியாமல் தங்கிவிடுகின்றன. ஆகவே எடையைப் பற்றிக் கவலைப்படுகிறவர் கோப்பையில் என்ன இருக்கிறது என்பதைவிடப் பக்கத்துத் தட்டில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

பசியின் கணக்கும் இதோடு சேரும். வெறும் வயிற்றில் குடித்தால் அடுத்த சாப்பாட்டில் கூடுதலாகச் சாப்பிடுகிறோம் என்பது பல ஆய்வுகளில் கண்டது. லண்டனில் 2017-இல் எலிகளுக்குப் பெரிய அளவில் எத்தனால் கொடுத்தபோது, பட்டினி கிடக்கும்போது விழித்துக்கொள்ளும் அதே மூளை நரம்பணுக்கள் விழித்துக்கொண்டன. வயிற்றுக்குள் கலோரி போய்க்கொண்டிருக்கும்போதே மூளை பட்டினி என்று சொல்கிறது. 

எடை குறைந்தவர்களின் ஆய்வு

நம் கேள்விக்கு மிக நெருக்கமான சோதனை ஜெர்மனியின் உல்ம் நகரில் நடந்து 2004-இல் வெளியானது. எடை கூடுதலாக உள்ள 49 பேர் சேர்ந்தார்கள். 40 பேர் முடித்தார்கள். எல்லோருக்கும் நாளுக்கு 1,500 கலோரி உணவுத் திட்டம், மூன்று மாதம். ஒரு குழுவுக்கு அந்த 1,500-இல் பத்தில் ஒரு பங்கு வெள்ளை ஒயினாகக் கொடுத்தார்கள், மற்றக் குழுவுக்கு அதே கலோரி திராட்சைச் சாறாக. ஒயின் குழு சராசரியாக 4.7 கிலோ குறைந்தது, சாறு குழு 3.8 கிலோ குறைந்தது. ஒயின் குடித்தால் எடை அதிகம் குறையும் என்று இதைச் சிலர் பரப்பினார்கள். அப்படிச் சொல்ல இந்த வித்தியாசம் போதாது. சோதனை உண்மையில் காட்டியது வேறு. ஒயினின் 150 கலோரி அந்த 1,500-க்கு உள்ளேயே இருந்தது, அதற்கு மேல் சேரவில்லை. அந்தக் கோப்பைக்காக வேறொன்று தட்டிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. திட்டத்தை மேற்பார்வையிட ஆட்களும் இருந்தார்கள்.

அடுத்த பெரிய சோதனை இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தவர் நடத்தி 2015-இல் வெளியிட்டது. குடிக்காதவர்களாக இருந்த 224 சர்க்கரை நோயாளிகள் இரண்டு வருடம் இரவுச் சாப்பாட்டோடு தினம் 150 மில்லி சிவப்பு ஒயின், வெள்ளை ஒயின், மினரல் வாட்டர் என்று மூன்றில் ஒன்றைக் குடித்தார்கள். எல்லோருக்கும் காய்கறி, பருப்பு, ஆலிவ் எண்ணெய் நிறைந்த மத்தியதரைக் கடல் நாட்டு உணவுமுறை. சிவப்பு ஒயின் குழுவில் நல்ல கொலஸ்டிரால் சற்று ஏறியது. எடையில் குழுக்களுக்கிடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அளந்த ஒரு கோப்பை, சாப்பாட்டோடு, கண்காணிப்பில் குடித்தால் எடை ஏறவில்லை என்பதுதான் இதன் பொருள். குறைந்தது என்று பொருள் இல்லை.

அமெரிக்காவில் 19,220 பெண்களை ஏறக்குறைய 13 வருடம் தொடர்ந்த ஆய்வு 2010-இல் வந்தது. தொடக்கத்தில் சரியான எடையில் இருந்தவர்களில், மிதமாகக் குடித்தவர்களுக்குக் குடிக்காதவர்களைவிட எடை குறைவாகவே ஏறியிருந்தது. பத்திரிகைகள் இதைப் பெரிதாகப் போட்டன. ஆனால் இது சோதனையல்ல, கவனித்தல் மட்டுமே. அந்தப் பெண்கள் குடித்த அளவுக்குப் பிற உணவைக் குறைத்துக்கொண்டார்கள் என்பது அதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது. வசதி, உடற்பயிற்சி, சாப்பாட்டு ஒழுங்கு என்று மற்ற வித்தியாசங்களும் உள்ளே கலந்திருக்கும்.

இந்த யோசனையே பழையது. உலகின் முதல் பிரபலமான எடைக்குறைப்புக் கையேட்டை எழுதியவர் லண்டனில் இறுதிச்சடங்கு ஏற்பாடுகள் செய்துவந்த வில்லியம் பேண்டிங், ஆண்டு 1863. ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கை விலக்கச் சொன்ன அவர் இனிப்பில்லாத சிவப்பு ஒயினை அனுமதித்தார். பீர், ஷாம்பெய்ன், போர்ட் மூன்றையும் தடுத்தார். சுமார் ஒரு வருடத்தில் அவர் 20 கிலோவுக்கு மேல் குறைந்தார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் உணவு ஆலோசகர்கள் சொல்வது இதிலிருந்து அதிகம் விலகவில்லை. இனிப்பில்லாதது, சிறிய அளவு, சாப்பாட்டோடு. மூன்றும் சேர்ந்தால்தான் பலன். நம் பக்கத்தில் இந்த மூன்றுமே கைக்கு எட்டாமல் இருப்பது ஏன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம்

இந்தக் கடற்கரைக்கு ஒயின் புதிதல்ல. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில், அரியாங்குப்பத்தை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிகள் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மதுவைப் பற்றி நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்தக் கிரேக்கர்களும் ரோமானியர்களும் ஒயினைத் தண்ணீர் கலந்துதான் குடித்தார்கள் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம். 1690-இல் கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டையை வாங்கிய ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்களின் மேசைக்கும் கப்பலில் மதேரா ஒயின் வந்தது. ஆனால் இதெல்லாம் அரசர்க்கும் அந்நியர்க்கும் உரியதாகவே இருந்தது. ஊருக்குக் கள்ளும் சாராயமும்தான்.

இன்றைய குடிமுறையை உருவாக்கியது அரிக்கமேடு அல்ல, மதுவிலக்கு. தென்னார்க்காடு மாவட்டத்தின் ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அந்த மாவட்டத்தின் தலைநகரான கடலூரிலிருந்து வடக்கே ஆற்றைத் தாண்டினால் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி, அங்கே தடையில்லை. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி போன பிறகும் அந்த வித்தியாசம் போகவில்லை. 1971-இல் தமிழ்நாட்டில் தடை நீங்கி, சில வருடத்தில் திரும்பி, 1981-இல் மறுபடி நீங்கி, 1983-இல் அரசின் மது நிறுவனமான டாஸ்மாக் பிறந்து, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போன பிறகும், விலையிலும் வகையிலும் புதுச்சேரிதான் முன்னே நிற்கிறது. சிதம்பரத்துக்காரருக்கு வடக்கே புதுச்சேரி, தெற்கே காரைக்கால் என்று இரண்டு பக்கமும் வழி உண்டு.

இதன் விளைவு குடிக்கும் முறையில் இருக்கிறது. மூன்று தலைமுறையாக இங்கே குடி என்பது வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வெளியே நடக்கும் காரியம். புதுச்சேரி எல்லையிலுள்ள கன்னியக்கோயிலிலோ முள்ளோடையிலோ, இந்தப் பக்கம் டாஸ்மாக்கை ஒட்டிய பாரிலோ, நண்பர்களோடு, அவசரமாக, சாப்பாட்டுக்கு முன், வெறும் வயிற்றில். வீடு திரும்பும்போது வாசனை தெரியக்கூடாது. மனைவிக்கும் அம்மாவுக்கும் தெரியாமல் குடிப்பவர் சோற்றோடு அளந்து ஒரு கோப்பை எடுத்துக்கொள்ள முடியாது. இஸ்ரேல் சோதனையின் அடிப்படையே இரவுச் சாப்பாட்டு மேசை. அது இங்கே இல்லை.

சட்டமும் ஒரு கோப்பையோடு நிறுத்த விடுவதில்லை. புதுச்சேரியில் வாங்கிய மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். கடலூர் ஆல்பேட்டை சோதனைச்சாவடி இருப்பதே அதற்காக. 750 மில்லி பாட்டிலைப் புதுச்சேரியில் திறந்தவர் 150 மில்லி குடித்துவிட்டு மீதியை வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்க முடியாது. கொட்ட மனம் வராது. முடித்துவிட்டுத்தான் எழுவார். டாஸ்மாக்கில் வாங்கினாலும் ஒயினுக்குக் குவார்ட்டரைப் போன்ற பொறுமை கிடையாது. திறந்த பாட்டில் நம் வெயிலில் வெளியே இருந்தால் ஓரிரு நாளில் புளித்துவிடும், ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும். ஒருவர் மட்டும் குடிக்கும் வீட்டில் பாட்டில் திறந்தால் தினமும் குடிக்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

இதே மாவட்டத்தில்தான் மருதூரில் பிறந்து வடலூரில் சத்திய ஞான சபையை நிறுவிய வள்ளலாரும் வாழ்ந்தார். அவர் நினைவு நாளில் தமிழ்நாடு முழுவதும் மதுக்கடைகள் மூடப்படுகின்றன. உணவில் அளவும் ஒழுங்கும் வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது எடைக்குறைப்புக்காக அல்ல. ஆனாலும் இன்றைய உணவு ஆலோசகர் ஒருவர் அதில் மாற்றச் சொல்ல அதிகம் இருக்காது.

காரம் இனிப்பைத் தேடும்

இன்னொரு தடை நம் சமையலில் இருக்கிறது. இதை எடைக்குறைப்பு ஆலோசனைகளில் யாரும் பேசுவதாகத் தெரியவில்லை, பேச வேண்டும். மிளகாயின் எரிச்சலை நாக்கு உணர்வது ஒரு வெப்ப உணர்வியின் வழியாக. எத்தனால் அதே உணர்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. கடலூர் மீன் குழம்போடு இனிப்பில்லாத சிவப்பு ஒயினைக் குடித்துப் பார்த்தால் காரம் தீயாகும், ஒயினின் துவர்ப்பு புளியோடு மோதிக் கசக்கும். குடித்தவர் முகம் சுளித்து, "இதென்ன கஷாயம்" என்று வைத்துவிட்டு அடுத்த முறை இனிப்பு ஒயின் கேட்பார். இந்தியாவில் மலிவாகக் கிடைக்கும் போர்ட் ஒயின்கள் அந்த நாக்குக்காகவே இனிப்பாக்கப்பட்டவை. ஒரு கோப்பையில் 15 கிராம் சர்க்கரை இருந்தாலே 60 கலோரி கூடிவிடும். பேண்டிங் 1863-இல் தடுத்தது இந்த வகையைத்தான்.

வீட்டில் செய்யும் ஒயினும் அப்படியே. கிறிஸ்துமஸை ஒட்டிச் சில கிறிஸ்தவக் குடும்பங்களில் பன்னீர் திராட்சையைச் சர்க்கரை, ஈஸ்ட், பட்டை, கிராம்பு சேர்த்து ஊறவைக்கும் வழக்கம் உண்டு. ஒரு கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ, ஒரு கிலோ என்று சர்க்கரை விழும். நொதித்து எத்தனாலாக மாறாமல் மிஞ்சும் சர்க்கரை அப்படியே வயிற்றுக்குப் போகும். உரிமமில்லாமல் மது தயாரிப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, அதன் வீரியமும் சர்க்கரையும் எவ்வளவு என்று செய்தவருக்கே தெரியாது. கடையில் வாங்கும் பாட்டிலிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மது உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். எத்தனை கலோரி என்று அச்சிட வேண்டிய கட்டாயம் இந்தியாவில் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டுக்கு உள்ள விதி இதற்கும் வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

ஒரு சனிக்கிழமை

இனி கணக்கு. ஒருவர் நாளுக்கு 500 கலோரி குறைத்துச் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 3,500. ஒரு கிலோ உடல் கொழுப்பில் 7,700 கலோரி அளவு இருப்பதால் இது வாரம் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நல்ல வேகம்தான். சனிக்கிழமை மாலை நண்பர்களோடு மூன்று கோப்பை ஒயின், 375 கலோரி. பண்ருட்டி முந்திரி நம் மாவட்டத்தின் பெருமை. மேசைக்கு வராமல் இருக்காது. 100 கிராம் முந்திரியில் 580 கலோரி அளவு இருக்கிறது. பேச்சுவாக்கில் 50 கிராம் உள்ளே போவது யாருக்கும் உறைக்காது, அது 290. ஒரு தட்டு நெத்திலியோ இறாலோ வறுவல், எண்ணெயோடு 250 என்று வைக்கலாம். வீட்டில் சாப்பிட வேண்டியது சாம்பாரோடு மூன்று இட்லி, 250 கலோரி. அதற்குப் பதில் வழியில் சால்னாவோடு இரண்டு பரோட்டா, 600-ஐத் தொடும். கூடுதல் 350.

மொத்தம் 1,265. ஒரு வாரம் வாயைக் கட்டிச் சேர்த்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே மாலையில் கரைந்துவிட்டது. இதில் ஒயினின் பங்கு மூன்றில் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மற்றதெல்லாம் ஒயின் அழைத்துவந்த கூட்டம். கொழுப்பு எரிவது தடைபட்டிருக்கும் அதே மணி நேரத்தில்தான் முந்திரியும் வறுவலும் பரோட்டாவும் உள்ளே போகின்றன. மது ஆழ்ந்த உறக்கத்தைக் குலைக்கும். உறக்கம் குறைந்த மறுநாள் பசி கூடும். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் காலையில் நடக்கும் வழக்கமுள்ளவர் ஞாயிற்றுக்கிழமை நடையை விட்டுவிடுவார். அரை மணி வேகநடையில் ஒரு கோப்பையின் கலோரி போகும் என்று பலர் தங்களைச் சமாதானப்படுத்திக்கொள்கிறார்கள். ஒரு கோப்பைக்கு அது ஓரளவு சரி. அந்தச் சனிக்கிழமைக்கு ஐந்து மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும்.

யாருக்கு வேண்டவே வேண்டாம்

எடையைத் தாண்டியும் சொல்ல வேண்டியது இருக்கிறது. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாக அறிவித்தது. மதுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே சேர்த்துவிட்டது. அதில் ஒயினுக்கு விலக்கு இல்லை. இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு 1990-களில் பிரான்சிலிருந்து கிளம்பியது. சீனாவில் ஐந்து லட்சம் பேரைத் தொடர்ந்து, அவர்களில் ஒரு பகுதியினரை மரபணு முறையில் ஆராய்ந்து 2019-இல் வெளியான முடிவு, மிதமான குடி பக்கவாதத்திலிருந்து காக்கிறது என்ற நம்பிக்கையைத் தாங்கவில்லை. குடிக்காதவர் யாரும் இதயத்துக்காகவோ எடைக்காகவோ ஒயினைத் தொடங்க ஒரு காரணமும் இல்லை. இதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

நம் உடல்வாகும் சாதகமாக இல்லை. ஆசிய மக்களுக்கு உடல் நிறை எண் 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. வெளியே ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் உடம்பு நமக்கு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் கூடுதல் எடையோடு இருக்கிறார்கள். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வில் சர்க்கரை நோய் தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3 சதவீதம். இந்த வித்தியாசத்துக்கு மதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, நகர வாழ்க்கை உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆனால் இரண்டு ஊருக்கும் நடுவே வாழும் நமக்கு எச்சரிக்கையாக இந்த எண்கள் போதும்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்களின் நிலை தனி. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால், கல்லீரல் எத்தனாலை எரிப்பதில் மும்முரமாக இருந்து இரத்தத்துக்குச் சர்க்கரை விடுவதை நிறுத்திவிடும். தாழ்சர்க்கரை வந்து மயங்கினால் பக்கத்தில் இருப்பவர் போதை என்று நினைத்துத் தூங்க விட்டுவிடுவார். உயிர் போகும் குழப்பம் இது. எடைக்குறைப்புக்காகச் சோற்றையும் குறைத்திருப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் தேங்கக்கூடும். கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்தவருக்கு எடையைக் குறைப்பதுதான் மருந்து. அந்த மருந்தோடு மதுவைச் சேர்ப்பது வீண். இரைப்பைச் சுருக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு எத்தனால் வேகமாக ஏறும். பெண்களுக்கு உடலில் நீர்ச்சத்து குறைவு என்பதால் அதே கோப்பை அதிக வீரியத்தோடு ஏறும். சிறிய அளவிலேயே மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடத் தொடங்குகிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் குடிப்பவர்கள் 0.3 சதவீதம் மட்டுமே என்று அதே குடும்பநல ஆய்வு சொல்கிறது. அதை அப்படியே காப்பாற்றிக்கொள்வது நல்லது.

இப்போது எடைக்குறைப்புக்கு வந்திருக்கும் செமாகுளுடைடு ஊசி குடிக்கும் ஆசையையும் சிலரிடம் குறைப்பதாக 2025-இல் அமெரிக்காவில் 48 பேரிடம் நடந்த சிறு சோதனை காட்டியது. நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் குடியை நிறுத்துவதற்காக அந்த ஊசியை நாடும் காலம் இன்னும் வரவில்லை.

ஏற்கெனவே குடிப்பவருக்கு

மேலே சொன்ன நோய்கள் இல்லாத, ஏற்கெனவே குடிக்கும் பழக்கமுள்ள ஒருவர் எடையைக் குறைக்க விரும்பினால் ஒயினை வைத்துக்கொண்டே அது முடியுமா? முடியும். ஆனால் உல்ம், இஸ்ரேல் சோதனைகளின் நிபந்தனைகளை அவரே தனக்கு உண்டாக்கிக்கொள்ள வேண்டும். 150 மில்லி என்பதை அளவுக் குவளையில் ஒருமுறை ஊற்றிப் பார்க்க வேண்டும். வீட்டு எவர்சில்வர் டம்ளர் பெரும்பாலும் அதைவிட அதிகம் பிடிக்கும். வாரத்தில் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள். குடிக்கும் நாளில் 125 கலோரிக்கு ஈடாக ஒரு கரண்டி சோறோ இரண்டு இட்லியோ எழுதிக் கழிக்க வேண்டும், மனக்கணக்கு உதவாது. வெறும் வயிற்றில் தொடவே கூடாது. சாப்பாடு பாதி முடிந்த பிறகு, சாப்பாட்டோடு. போர்ட்டை விட்டு இனிப்பில்லாத வெள்ளை ஒயினுக்குப் போனால் நம் காரத்தோடு ஓரளவு ஒத்துப்போகும். யவனர் செய்தது போலத் தண்ணீரோ சோடாவோ கலந்தால் கோப்பை நீளும், எரிச்சலும் தணியும். தொட்டுக்கொள்ள முந்திரிக்குப் பதில் வேகவைத்த சுண்டல், வறுவலுக்குப் பதில் தவாவில் சொட்டு எண்ணெயில் சுட்ட மீன். சிதம்பரத்துக்காரர் என்றால் எண்ணெயை அடக்கிச் செய்த கத்திரிக்காய் கொத்சு ஒரு கிண்ணம் இட்லியோடு இருந்தால் வயிறு நிறையும், பரோட்டாக் கடை நினைவுக்கு வராது. வண்டி ஓட்டிப் போய்க் குடிக்கும் இடம் எதுவானாலும் அதைத் திட்டத்திலிருந்து நீக்க வேண்டும். புதுச்சேரிச் சாலையில் போகும் உயிர்களின் கணக்கு எடைக் கணக்கைவிடப் பெரிது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "இத்தனை கட்டுப்பாட்டோடு எதற்குக் குடிக்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்டால், அவர் சரியான முடிவுக்கு வந்துவிட்டார். ஒரு கோப்பையோடு நிறுத்த முடியாது என்று தன்னைப் பற்றித் தெரிந்தவருக்கு இந்த வழி பொருந்தாது. அவர் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் பேசலாம். சிதம்பரத்தில் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவை அணுகலாம். எடைக்குறைப்பை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மற்றவர்களிடம் ஒரே வேண்டுகோள். அடுத்த முறை மருத்துவர் "உண்டா?" என்று கேட்டால் 'எப்போதாவது' என்று சொல்லாதீர்கள். என்ன சரக்கு, எத்தனை மில்லி, வாரத்தில் எத்தனை நாள், கூட என்ன சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். மருத்துவர்களே, நீங்களும் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.